பிக்கப் வண்டிக்கு வெளிச்சந்தை ஸ்பார்க் பிளக் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பெட்ரோலிலும் சிஎன்ஜியிலும் ஓடும் உங்கள் பிக்கப்புக்கு, ஷோரூம் பிளக்குக்குப் பதிலாக வெளிக்கடையில் கிடைக்கும் இரிடியம் பிளக்கைப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போடலாம். ஆனால் முனை இரிடியமா, நிக்கலா என்பது கடைசியாகப் பார்க்க வேண்டியது. ஹீட் ரேஞ்ச் (பிளக் தன் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியேற்றும் என்பதன் எண்), மரை நீளம், கேப் (பொறி தாண்டும் இடைவெளி) ஆகிய மூன்றும் வண்டியின் கையேட்டில் உள்ளபடி இருக்கின்றனவா என்பதே முதல் கேள்வி. (டீசல் பிக்கப்புகளுக்கு இந்தக் கவலை இல்லை, அவற்றில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது.)

பலர் தடுமாறுவது ஹீட் ரேஞ்சில்தான். என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் கூடக்கூட பிளக் குளிர்ந்த வகை, அதாவது சூட்டை வேகமாக வெளியேற்றும். பாஷ், சாம்பியன் பிளக்குகளில் எண் கூடக்கூடச் சூடான வகை, சூட்டைத் தக்கவைக்கும். என்ஜிகேயின் 6, டென்சோவில் 20 என்று வரும். ஆகவே கடைக்கார அண்ணாச்சி "எல்லாம் ஒண்ணுதான்" என்று எடுத்துக் கொடுத்தாலும், அந்தந்தக் கம்பெனியின் பொருத்தப் பட்டியலில் உங்கள் எஞ்சினுக்கு உரிய எண்ணைப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

பாவூர்சத்திரத்தில் காய்கறி ஏற்றிக்கொண்டு செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளத்துக்கு மலையேறும் வண்டியில் பிளக்கின் முனை நன்றாகச் சூடேறும். அதே வண்டி திருநெல்வேலி நயினார்குளம் மார்க்கெட்டுக்கும் பாளையங்கோட்டைக் கடைகளுக்கும் இடையே நின்று நின்று ஓடினால் கரி படியும். முனை ஏறக்குறைய 450 டிகிரியைத் தாண்டினால்தான் கரி தானாக எரியும். 800 டிகிரிக்கு மேல் போனாலோ, பொறி வருவதற்கு முன்பே எரிபொருள் பற்றிக்கொண்டு பிஸ்டனையே கெடுத்துவிடும். ஊருக்குள் ஓட்டுகிறோமே என்று சூடான பிளக்கைப் போட்டுவிட்டு, என்றாவது முழு லோடுடன் மலையேறுவது ஆபத்து என்பதால், தயாரிப்பாளர் சொன்ன எண்ணிலேயே நிற்பதுதான் என் உறுதியான கருத்து.

மரை நீளம் கூடினால் பிளக் பிஸ்டனில் இடிக்கலாம். குறைந்தால் ஹெட்டின் மரையில் கரி ஏறும்.

சிஎன்ஜிக்கு வருவோம். கேஸைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிடக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படுவதால், முனை தேய்ந்து கேப் அகன்றதும் கேஸில் மிஸ்ஸிங் (எஞ்சின் விட்டுவிட்டு எரிவது) தெரியும், பெட்ரோலுக்கு மாற்றினால் பெரும்பாலும் மறைந்துவிடும். இரிடியம் ஏறத்தாழ 2,450 டிகிரியில்தான் உருகும் என்பதால் அதன் முனையை 0.4 அல்லது 0.6 மி.மீ. அளவுக்கு மெல்லியதாகச் செய்ய முடிகிறது. அந்த மெல்லிய முனைக்குக் குறைந்த மின்னழுத்தமே போதும், தேய்மானமும் குறைவு. கேஸில் அதிகம் ஓடும் வண்டிக்கு அந்தக் கூடுதல் விலை தகும். ஆனால் அதை எமரித் தாளால் தேய்ப்பதோ, நடுமுனையில் நெம்பிக் கேப் வைப்பதோ கூடவே கூடாது, முனை ஒடிந்துவிடும்.

எஞ்சின் ஆறிய பிறகே கழற்றுங்கள். புதியதைக் கையால் முழுவதும் திருகி, வாஷர் உள்ள 14 மி.மீ. பிளக் என்றால் அதற்கு மேல் அரைச் சுற்று முதல் முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவு வரை முடுக்கினால் போதும். வாஷர் இல்லாத கூம்பு வகைக்கு ஒரு சுற்றில் பதினாறில் ஒரு பங்குதான்.

கழற்றிய பிளக்குகளைச் சிலிண்டர் வரிசையில் வைத்து, பீங்கானின் நிறத்தைப் பாருங்கள். எல்லாம் வெளிர்பழுப்பாக இருந்தால் எண் சரி. ஒன்றில் மட்டும் ஈரமான எண்ணெய்க் கரி இருந்தால், அந்தச் சிலிண்டரின் ரிங்கையும் வால்வ் சீலையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அதற்கு எந்தக் கம்பெனி பிளக்கும் தீர்வாகாது.