நிலக்கரியும் குறையவில்லை, வெப்பமும் குறையவில்லை: மகளின் படிப்பு பற்றி ஒரு தந்தைக்கு

அன்புள்ள ஐயா,

உங்கள் மகள் பள்ளிப் படிப்பை முடிக்கப் போகிறாள். காலநிலை, மாற்று எரிசக்தி என்று இந்தத் துறையில்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். உங்களுக்கோ காலநிலை மாற்றம் என்பதே ஊதிப் பெருக்கப்பட்ட கதை என்ற எண்ணம். உலகம் இன்றைக்கும் நிலக்கரியிலும் எண்ணெயிலும்தான் ஓடுகிறது, ஆட்சி மாறினால் கொள்கை மாறும், அன்றைக்கு இந்தப் பட்டம் செல்லாக்காசாகிவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். அவளிடம் பேசி மனத்தை மாற்றச் சொல்கிறீர்கள். அதைச் செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் உங்கள் அச்சத்தில் பாதி மிகவும் நியாயமானது. அந்தப் பாதியை அவளும் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். மறுபாதியை நீங்கள் கைவிட வேண்டும். ஆகவே இதை இருவருமே படியுங்கள்.

நீங்கள் சரியாகச் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். உலகம் பயன்படுத்தும் முதன்மை எரிசக்தியில், அதாவது மின்சாரமாகவோ வேறு வடிவமாகவோ மாற்றுவதற்கு முந்தைய மூல எரிசக்தியில், ஏறத்தாழ 80 சதவீதம் இன்றும் நிலக்கரி, எண்ணெய், இயற்கை எரிவாயு ஆகிய மூன்றிலிருந்துதான் வருகிறது. நாளொன்றுக்குச் சுமார் 10 கோடி பீப்பாய் எண்ணெய் செலவாகிறது. 2024இல் உலகம் பயன்படுத்திய நிலக்கரி 850 கோடி டன்னைத் தாண்டியது. அதுவரை எந்த ஆண்டிலும் அவ்வளவு பயன்பட்டதில்லை. சூரிய மின்சாரமும் காற்றாலை மின்சாரமும் சேர்ந்து உலக மின் உற்பத்தியில் 15 சதவீதத்தை எட்டியதும் அதே 2024இல்தான். இந்த இடத்தில் பலர் இடறுகிறார்கள். அந்த 15 சதவீதம் மின்சாரத்தில் மட்டும். வீடு, தொழிற்சாலை, வாகனம் என்று மனிதர் இறுதியில் பயன்படுத்தும் எரிசக்தி முழுவதையும் எடுத்துக்கொண்டால், மின்சாரத்தின் பங்கே ஐந்தில் ஒன்றுதான். மீதி நான்கு பங்கில் பெரும்பகுதி ஏதோ ஓர் உலையிலோ எஞ்சினிலோ அடுப்பிலோ நேரடியாக எரிகிறது. "உலகம் பசுமை எரிசக்திக்கு மாறிவிட்டது" என்று எழுதும் செய்திகளை நம்பி ஒரு பிள்ளையின் படிப்பைத் தீர்மானிக்கக் கூடாது என்கிறீர்கள். நானும் அதையே சொல்கிறேன்.

அந்த 80 சதவீதத்துக்குள்ளும் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் காரில் ஊற்றும் எரிபொருளின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போனால் பெரிது. மற்றதெல்லாம் வெப்பமாக வீணாகிறது. மின்சாரக் காரில் முக்கால் பங்குக்கும் மேல் சக்கரத்துக்குப் போகிறது. ஆகவே, எரியும் ஒவ்வோர் அலகுக்கும் ஈடாக ஓர் அலகு மின்சாரம் தேவை என்று கணக்குப் போட்டால், வேலை இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். பெரிய வேலைதான், ஆனால் அவ்வளவு பெரிது இல்லை.

இனி உங்கள் ஐயத்துக்கு வருகிறேன். உலகம் நிலக்கரியை விடவில்லை என்பது எரிசக்தி பற்றிய உண்மை. அதிலிருந்து, பூமி சூடாவது பொய் என்ற முடிவுக்கு நீங்கள் போய்விட்டீர்கள். முதலாவது எவ்வளவு உண்மையோ, இரண்டாவது அவ்வளவு தவறு. இன்னும் சொன்னால், எரிப்பது குறையவில்லை என்பதுதான் சூடு ஏறுவதற்கே காரணம்.

கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்பது இந்தத் தலைமுறை கட்டிய கதை இல்லை. யூனிஸ் ஃபூட் 1856இலும் ஜான் டின்டால் 1859இலும் அதை ஆய்வில் கண்டார்கள். 1896இல் சுவீடனின் ஸ்வாந்தே அரீனியஸ் அந்த வாயு பெருகினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று கையாலேயே கணக்குப் போட்டார். 1958இல் சார்லஸ் டேவிட் கீலிங் ஹவாயின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்துக்கு 315 பங்கு இருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. அந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்டால் அது நல்ல கேள்வி. பல கோடி ஆண்டு மண்ணுக்குள் கிடந்த கரியில் கதிரியக்கக் கார்பன் 14 முற்றிலும் சிதைந்து போயிருக்கும். காற்றில் இருக்கும் கார்பனில் அந்த 14இன் பங்கு நீர்த்துப்போனதை அளந்து பார்த்திருக்கிறார்கள். காற்றின் ஆக்சிஜனும் எரிதலுக்கு ஏற்றபடி மிக மெல்லக் குறைகிறது. எரிமலையோ கடலோ காரணமாக இருந்தால் இந்த இரண்டும் இப்படிச் சேர்ந்து நடக்காது.

சூரியன்தான் காரணம் என்ற வாதத்தையும் எழுதியிருக்கிறீர்கள். சூரியன் காரணம் என்றால் வளிமண்டலத்தின் கீழ் அடுக்கும் மேல் அடுக்கும் சேர்ந்தே சூடேற வேண்டும். நடப்பது வேறு: கீழ் அடுக்கு சூடேறுகிறது, அதற்கு மேலுள்ள அடுக்குமண்டலம் குளிர்கிறது. கரியமில வாயு பெருகினால் இப்படித்தான் நடக்கும் என்று சுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் 1967இலேயே கணித்திருந்தார்கள். மனாபேக்கு 2021இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஐயப்பட்டவர்களை நான் இழிவாக நினைக்கவில்லை. 1990களில் செயற்கைக்கோள் அளவீடுகள் சூடேற்றத்தைச் சரியாகக் காட்டவில்லை. அதைச் சுட்டிக்காட்டியவர்கள் கேட்டது முறையான கேள்விதான். தேடிப்பார்த்ததில், செயற்கைக்கோளின் சுற்றுப்பாதை மெல்லத் தாழ்ந்ததும், ஓர் இடத்தை அது கடக்கும் நேரம் நகர்ந்துபோனதும் சரியாகக் கணக்கில் சேர்க்கப்படவில்லை என்று தெரிந்தது. 1998இலும் 2005இலும் அவை சுட்டிக்காட்டப்பட்டுத் திருத்தப்பட்டன, சூடேற்றம் தெரிந்தது. பெர்க்லி பல்கலைக்கழக இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர் பழைய வெப்பநிலைப் பதிவுகளை நம்பவில்லை. நகரங்களின் சூடு கணக்கைக் கெடுக்கிறதோ என்று ஐயப்பட்டு, தாமே ஒரு குழுவை அமைத்து எல்லாப் பதிவுகளையும் புதிதாக ஆராய்ந்தார். அவருக்கு நிதி கொடுத்தவர்களில் எண்ணெய்த் தொழில் சார்ந்த கோக் குடும்பத்தின் அறக்கட்டளையும் ஒன்று. சூடேற்றம் உண்மை, அதற்கு ஏறக்குறைய முழுக் காரணமும் மனிதர்தான் என்று 2012இல் அவர் வெளிப்படையாக எழுதினார். ஐயம் என்றால் இப்படி இருக்க வேண்டும். கேட்கவும் வேண்டும், விடை வந்தால் ஏற்கவும் வேண்டும்.

இன்னும் தீராத கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. காற்றில் கரியமில வாயு இரட்டிப்பானால் எத்தனை டிகிரி சூடாகும்? 1979இல் 1.5 முதல் 4.5 டிகிரி செல்சியஸ் என்றார்கள். 2021இல் வந்த ஐ.நா.வின் காலநிலைக் குழு அறிக்கை 2.5 முதல் 4 வரை இருக்க வாய்ப்பு அதிகம் என்கிறது. இத்தனை ஆண்டு உழைத்தும் இடைவெளி இவ்வளவுதான் சுருங்கியிருக்கிறது. காரணங்களில் முதன்மையானது மேகம்: அது எந்த உயரத்தில் கூடும், எங்கே கலையும் என்பதைக் கணினி மாதிரிகளால் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை. உங்கள் மகளுக்குக் கணிதத்திலும் இயற்பியலிலும் உண்மையான ஈடுபாடு இருந்தால், ஆராய்ச்சிக்கு இது வாழ்நாள் வேலை. ஈடுபாடு இல்லாமல் ஆர்வம் மட்டும் இருந்தால் இந்தப் பாதை வேண்டாம். முனைவர் பட்டம்வரை போக வேண்டியிருக்கும், நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. அதை மறைத்து அவளை உற்சாகப்படுத்த மாட்டேன்.

அம்மா, இனி உன்னிடம். அப்பா சொல்லும் எரிசக்திக் கணக்கை நீ "பழைய ஆட்களின் பேச்சு" என்று ஒதுக்குகிறாய் என்று தெரிகிறது. ஒதுக்காதே. உன் வேலையே அந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது.

சிமென்டை எடுத்துக்கொள். சுண்ணாம்புக்கல்லை உலையில் போட்டுச் சுமார் 900 டிகிரிக்குச் சூடேற்றினால் அது இரண்டாகப் பிரியும். தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோ போட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ கரியமில வாயுவாகப் புகைபோக்கி வழியே போய்விடும். பிறகு களிமண்ணோடு சேர்த்து 1,450 டிகிரிவரை கொண்டுபோய்க் கிளிங்கர் ஆக்குகிறார்கள்; அரைத்தால் சிமென்ட் ஆகும் கட்டி அது. கவனித்துப் பார்: அந்த உலையை முழுக்க முழுக்கச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் அந்த 44 கிலோ வெளியேறியே தீரும். அது எரிபொருளின் புகையாக இருந்தால் மாற்றிவிடலாம், கல்லுக்குள்ளேயே இருப்பதை என்ன செய்வாய்? உலகம் ஆண்டுக்குச் சுமார் 400 கோடி டன் சிமென்ட் செய்கிறது. மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் இந்த ஒரு பொருளிலிருந்து வருகிறது. கிளிங்கரைக் குறைத்து வேறு கலவை சேர்ப்பதா, புகைபோக்கியிலேயே வாயுவைப் பிடித்து நிலத்தடியில் புதைப்பதா, சுண்ணாம்புக்கல்லையே விட்டுவிட்டு வேறு கனிமத்திலிருந்து தொடங்குவதா? மூன்று வழியிலும் ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்களில் பலர் வேதிப்பொறியியலோ பொருளறிவியலோ படித்தவர்கள்.

எஃகும் அப்படித்தான். உலக எஃகில் பத்தில் ஏழு பங்கு இன்னும் ஊது உலையில், நிலக்கரியைச் சுட்டு எடுக்கும் கல்கரி போட்டுத்தான் வருகிறது. உரத்துக்கு வேண்டிய அம்மோனியாவுக்கான ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் எடுக்கப்படுகிறது. இவற்றைக் கோஷத்தால் நிறுத்த முடியாது; நிறுத்தினால் பட்டினிதான். மாற்று வழி கண்டுபிடிப்பவருக்கு எந்த ஆட்சியிலும் வேலை உண்டு.

மின் நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் கம்பி வலையான மின்தொகுப்பு இன்னொரு களம். 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஒரே நேரத்தில் இருளில் மூழ்கின. மின்னழுத்தம் கட்டுமீறி உயர, மின் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டித்துக்கொண்டன. சில நொடிகளில் எல்லாம் முடிந்தது. மின் நிலையங்களில் பெரிய சுழலிகள் (டர்பைன்கள்) இருந்தபோது தானாகவே கிடைத்த நிலைப்புத்தன்மையை, சூரியத் தகடுகளும் மின்கலங்களும் நிறைந்த தொகுப்பில் வேண்டுமென்றே வடிவமைத்துக் கொண்டுவர வேண்டும். இதைத் தெரிந்த மின்பொறியாளர்கள் போதுமான அளவில் இல்லை. எனக்குப் பிடித்த துறைகளில் இதுவும் ஒன்று. வெளியிலிருந்து பார்த்தால் கவர்ச்சியே இருக்காது. அதனாலேயே போட்டியும் குறைவு.

ஆட்சி மாறினால் என்ன ஆகும் என்ற கவலைக்கும் பதில் சொல்ல வேண்டும், ஐயா. அது வெறும் பயம் இல்லை. சூடேற்றத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட பாரிஸ் ஒப்பந்தத்தை விட்டு அமெரிக்கா 2020இல் விலகியது, 2021இல் திரும்பியது, 2025இல் மீண்டும் விலகப்போவதாக அறிவித்தது. மானியத்தை மட்டுமே நம்பி நிற்கும் வேலை, மானியம் போனால் போய்விடும். ஆனால் அதே அமெரிக்காவில் டெக்சஸைப் பாருங்கள். எண்ணெயிலும் எரிவாயுவிலும் நாட்டின் முதல் மாநிலம் அதுதான். காற்றாலை மின்சாரத்திலும் அதுதான். அங்கே காற்றாலை நட்டவர்கள் காலநிலைக் கவலையால் மட்டும் நடவில்லை, மலிவாகக் கிடைக்கிறது என்று நட்டார்கள். சீனா உலக நிலக்கரியில் பாதிக்கு மேல் எரிக்கிறது. 2024இல் உலகம் புதிதாக நிறுவிய சூரியத் தகடுகளில் பாதிக்கு மேல் நிறுவியதும் அதே நாடுதான். இரண்டும் ஒன்றாக நடக்கும் உலகத்தில்தான் இவள் வேலைக்குப் போகப் போகிறாள்.

ஆகவே என் யோசனை இது. இளநிலைப் பட்டத்தில் "பசுமை", "நீடித்த வளர்ச்சி" என்ற பெயர் தாங்கிய புதிய படிப்புகளைப் பார்த்து மயங்க வேண்டாம். மின்பொறியியல், வேதிப்பொறியியல், இயந்திரப் பொறியியல், இயற்பியல், புள்ளியியல், நிலவியல் என்று வேர் ஊன்றிய பாடம் ஒன்றை அவள் எடுக்கட்டும். காலநிலையையும் எரிசக்தியையும் முதுநிலையில் சேர்த்துக்கொள்ளலாம். அப்படிப் படித்தவள் ஒரு கதவு மூடினால் அடுத்த கதவுக்குப் போக முடியும். நார்வேயின் ஸ்லைப்னர் எரிவாயு வயலில் 1996 முதல் கரியமில வாயுவைக் கடலடிப் பாறைக்குள் செலுத்திவைக்கிறார்கள். அதற்குத் தேவைப்பட்ட அறிவு எண்ணெய் தேடும் நிலவியலாளரின் அறிவுதான். டென்மார்க்கின் அரசு எண்ணெய், எரிவாயு நிறுவனமாக இருந்தது 2017இல் ஓர்ஸ்டெட் என்று பெயரை மாற்றிக்கொண்டு கடல் காற்றாலைக்குப் போனது. எண்ணெய் நிறுவனத்தில் வேலை கிடைத்தால் போகவே மாட்டேன் என்ற சபதமும் அவளுக்கு இப்போது வேண்டாம். எங்கே கற்றாலும் துளையிடும் தொழில்நுட்பம் துளையிடும் தொழில்நுட்பமே. புவிவெப்ப மின்சாரத்துக்கும் அதுதான் வேண்டும்.

காப்பீட்டுத் துறையை நீங்கள் இருவருமே எண்ணிப்பார்க்கவில்லை. காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு கொடுக்கும் மியூனிக் ரீ 1970களிலேயே மாறும் காலநிலையால் வரும் இழப்பைப் பற்றி எழுதத் தொடங்கிவிட்டது. வெள்ளமும் புயலும் எவ்வளவு பணத்தைத் தின்னும் என்று கணிப்பவர்களுக்கு அங்கே நல்ல இடம் உண்டு. அவளுக்குப் புள்ளியியல் பிடிக்கும் என்றால் சொல்லுங்கள், தனியாகப் பேசலாம்.

அடுத்த வாரத்துக்குள் ஒரு வேலை செய்யுங்கள். அவள் குறித்துவைத்திருக்கும் படிப்புகளின் பாடத்திட்டத்தை முழுமையாக எடுத்து, முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களை மட்டும் பாருங்கள். வெப்ப இயக்கவியல், வகைக்கெழுச் சமன்பாடுகள், மின்சுற்று, வேதியியல், புள்ளியியல், நிலவியல் ஆகியவற்றில் குறைந்தது மூன்று பாடங்களாவது ஆய்வகத்தோடும் தேர்வோடும் இருக்க வேண்டும். கொள்கை, விழிப்புணர்வு, மேலாண்மை என்றே பட்டியல் நிறைந்திருந்தால் அந்தப் படிப்பை அடித்துவிடுங்கள். இறுதியாண்டுத் திட்டப்பணி எங்கே நடக்கிறது, ஆலையிலா, துணைமின் நிலையத்திலா, வகுப்பறையிலேயேவா என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு மிஞ்சும் பெயர்களை எனக்கு அனுப்புங்கள். கணிதத்திலும் இயற்பியலிலும் அவளுடைய கடைசி இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்களையும் சேர்த்து அனுப்பினால், எந்த வரிசையில் விண்ணப்பிப்பது என்று எழுதுகிறேன்.