பதில்: எம்கேவி-யில் படம் ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை

விண்டோஸோடு வரும் பிளேயரில் படம் தெரிகிறது, சத்தம் இல்லை என்கிறீர்கள். ஃபைல் கெட்டுப்போயிருக்க வாய்ப்பு குறைவு. எம்கேவி என்பது வீடியோவையும் ஆடியோவையும் ஒன்றாகப் போட்டு வைக்கும் வெறும் டப்பாதான். உள்ளே இருக்கும் ஆடியோ அநேகமாக டிடிஎஸ் என்ற வகை. அதற்கான கோடெக், அதாவது அந்த வகை ஆடியோவைப் படித்து ஒலிக்க வைக்கும் மென்பொருள், அந்த பிளேயரிடம் இருக்காது. விஎல்சி என்ற இலவச பிளேயரில் அந்த கோடெக் உள்ளேயே இருக்கும். அதில் திறந்து கன்ட்ரோல்+ஜே அழுத்துங்கள், ஆடியோ எந்த வகை என்று காட்டும். விஎல்சி-யிலேயே பார்ப்பதானால் வேலை அதோடு முடிந்தது.

டிவியிலும் ஓட வேண்டுமா? எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மாற்று மென்பொருளில் வீடியோவை ‘காப்பி’ (அப்படியே நகல்) என்று விட்டுவிட்டு, ஆடியோவை மட்டும் பரவலாக ஓடும் ஏஏசி வகை, 2 சேனல், 192 கேபிபிஎஸ் என மாற்றுங்கள். சில நிமிடம்தான், படத்தின் தரம் துளியும் குறையாது. வீடியோவையும் சேர்த்து மறுபடி என்கோட் செய்தால் (புதிதாகச் சுருக்கி எழுதினால்) நேரமும் போகும், தரமும் போகும். ஃபைல் பெயரின் கடைசியில் எம்பி4 என்று திருத்துவதால் எதுவும் மாறாது. கண்ட தளத்தில் கிடைக்கும் கோடெக் பேக் மட்டும் வேண்டாம், கூடவே வேண்டாத சாமான் ஒட்டிக்கொண்டு வரும்.