பேட்டரி புதுசு, ஆனாலும் செல்ஃப் எடுக்கவில்லை. பழைய பிக்கப்பில் கோளாறை எங்கே தேடுவது?

கேள்வி கேட்டவர் சொன்னது இதுதான்: 14 வருடம் ஓடிய டீசல் பிக்கப். சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டு விளக்கெல்லாம் எரிகிறது, இன்ஜின் மட்டும் சுற்றவில்லை. ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். நாலைந்து தடவை திருப்பினால் ஏதோ ஒரு தடவை எடுத்துக்கொள்கிறது. போன மாதம்தான் பேட்டரி மாற்றியிருக்கிறார். மெக்கானிக் இப்போது செல்ஃப் மோட்டாரையும் மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

இப்போதைக்கு மாற்றாதீர்கள். முதலில் ஒரு மல்டிமீட்டர் (வோல்ட், ஓம் அளக்கும் மீட்டர்) வாங்குங்கள், சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதே போதும். இவ்வளவு அடித்துச் சொல்லக் காரணம், நீங்கள் எழுதியிருப்பது அப்படியே எங்கள் வண்டியின் கதை. நாங்கள் பேட்டரியும் மாற்றினோம், செல்ஃபும் மாற்றினோம். கோளாறு இருந்தது ஒரு முழ நீள ஒயரில்.

அப்பா அரவக்குறிச்சிப் பக்கம் முருங்கைக்காய் எடுத்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு ஏற்றுவார். காலையில் வீட்டு வாசலில் வண்டி ஒரே அடியில் எடுக்கும். பாரத்தோடு ஓட்டிப் போய், இறக்கிவிட்டுத் திரும்பக் கிளம்பும்போதுதான் வம்பு. சாவியைத் திருப்பினால் டக். மறுபடி டக். சுமை தூக்குகிறவர்கள் நாலு பேர் வந்து தள்ளுவார்கள், ஸ்டார்ட் ஆகும். கொஞ்ச நாளில் அவர்கள் முகத்தைப் பார்க்கவே அப்பாவுக்குக் கூச்சமாகிவிட்டது. மூன்று மாதம் எங்கே போனாலும் சரிவான இடமாகப் பார்த்து நிறுத்தி, உருட்டிவிட்டு, இரண்டாம் கியரில் கிளட்சை விடுவதுதான் வழக்கம். “வண்டி நிறுத்த இடம் பாக்கறீங்களா, வீடு கட்ட மனை பாக்கறீங்களா?” என்று அம்மா கேட்கும் அளவுக்குப் போனது.

சரி, உங்கள் வண்டிக்கு வருகிறேன். செல்ஃப் எடுக்காத வண்டி சத்தத்தால் பேசும், முதலில் அதைக் கேட்க வேண்டும். ‘டகடகடக’ என்று மெஷின் கன் மாதிரி அடித்தால் கிட்டத்தட்ட பேட்டரி டவுன்தான், இல்லாவிட்டால் பேட்டரி டெர்மினல் பூத்திருக்கும். சோலனாய்டு (செல்ஃபுக்குக் கரண்டைத் திறந்துவிடும் காந்த சுவிட்ச்) உள்ளே இழுக்கிறது, மோட்டார் கரண்டைக் கேட்டதும் வோல்ட் சரிகிறது, சோலனாய்டு விட்டுவிடுகிறது, வோல்ட் ஏறுகிறது, மறுபடி இழுக்கிறது. அந்தப் போராட்டம்தான் அந்தச் சத்தம். சத்தமே இல்லை என்றால் சாவி சுவிட்ச், ஃபியூஸ், ரிலே, கிளட்ச் சுவிட்ச் (சில வண்டிகளில் கிளட்சை மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும்), அல்லது சோலனாய்டுக்குப் போகிற சின்ன ஒயர். ‘விர்ர்ர்’ என்று மோட்டார் மட்டும் சுற்றி இன்ஜின் சும்மா இருந்தால் பெண்டிக்ஸ் (மோட்டாரை இன்ஜினோடு கோக்கும் பல்சக்கரம்) போய்விட்டது, இல்லை இன்ஜின் பக்கத்து ஃப்ளைவீல் பல் தேய்ந்திருக்கிறது. உங்களுடையது ஒற்றை ‘டக்’. சோலனாய்டு உள்ளே இழுத்துவிட்டது, ஆனால் மோட்டாருக்குப் போதுமான கரண்ட் போகவில்லை என்று அர்த்தம். போகிற வழி அடைத்திருக்கலாம், திரும்பி வருகிற வழி அடைத்திருக்கலாம், மோட்டாரே செத்திருக்கலாம். மூன்றில் மோட்டார்தான் விலை அதிகம், நம் ஊரில் முதலில் மாற்றப்படுவதும் அதுதான்.

‘டேஷ்போர்டு விளக்கு எரிகிறது, அதனால் கரண்ட் வருகிறது’ என்று நினைப்பதுதான் எல்லோரும் ஏமாறுகிற இடம். அந்தச் சின்ன பல்புகள் எல்லாம் சேர்ந்தாலும் ஓரிரு ஆம்பியரைத் தாண்டாது. டீசல் இன்ஜினைச் சுற்ற செல்ஃப் மோட்டார் 200, 250 ஆம்பியர் இழுக்கும், முதல் நொடியில் இன்னும் கூட. பாசி பிடித்த குழாயில் குடம் நிறையும், தோட்டத்துக்குப் பாயாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு ஓமில் நூற்றில் ஒரு பங்கு தடை, அதாவது 0.01 ஓம், துருப்பிடித்த ஒரு போல்ட்டில் இருந்தால் போதும். 250 ஆம்பியர் அதன் வழியாகப் போகும்போது 2.5 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். அதே இடத்தை மீட்டரில் ஓம் வைத்துப் பார்த்தால் ‘சைபர்’ என்றுதான் காட்டும். அதனால் ஒயரை ஓமில் சோதித்துப் பிரயோஜனமில்லை. சாவியைத் திருப்பிக்கொண்டிருக்கும்போது, வோல்ட்டில்தான் பார்க்க வேண்டும்.

எங்களுக்கு இதைக் காட்டியவர் வேடசந்தூர் ரோட்டில் சின்னக் கடை வைத்திருந்த வயசான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர். அதற்குள் பேட்டரி புதுசு, செல்ஃப் ரீகண்டிஷன் செய்தது, இரண்டும் வாங்கி முடித்திருந்தோம். செல்ஃப் மாற்றி மூன்று வாரம் ஒழுங்காக ஓடியது, அப்புறம் பழையபடி டக். அவர் பானட்டைத் திறந்ததும் ஸ்பேனரைத் தொடவில்லை. “அண்ணே, சமீபத்துல ஆக்சிலேட்டர் கேபிள் ஏதாச்சும் மாத்துனீங்களா?” என்று கேட்டார். அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம், இரண்டு மாதத்துக்கு முன்னால் கேபிள் இறுகிப்போய், உள்ளே இருந்த பிளாஸ்டிக் உறை உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. அதை மாற்றிய மெக்கானிக் வெயிலில் உருகியிருக்கும் என்று சொல்லியிருந்தார்.

வெயில் இல்லை. செல்ஃப் மோட்டாருக்குப் பிளஸ் மட்டும்தான் தனி ஒயரில் போகிறது. திரும்பி வரும் மைனஸ், இன்ஜின் பிளாக் வழியாக எர்த் ஒயரில் ஏறிப் பேட்டரிக்குப் போக வேண்டும். இன்ஜினோ ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் கரண்ட் போகாது. எர்த் ஒயர் மோசமானால் கரண்ட் வேறு வழி தேடும். இன்ஜினையும் பாடியையும் தொடுகிற இரும்பு எது? ஆக்சிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள். நூல் மாதிரி கம்பியில் அவ்வளவு கரண்ட் பாய்ந்தால் ஹீட்டர் மாதிரிக் காயும்.

அவர் மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்தார். கறுப்பு முனையைப் பேட்டரியின் மைனஸ் தூணில் வைத்தார். கிளாம்ப்பில் வைக்கவில்லை, ஈயத் தூணிலேயே. சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத ஓர் இடத்தில் அழுத்தினார். மீட்டர் 0.00. என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார். டக். மீட்டரில் 4.6. நல்ல எர்த்தாக இருந்தால் 0.2, மிஞ்சிப்போனால் 0.3 தான் காட்ட வேண்டுமாம். பிறகு ஒரு ஜம்பர் கேபிளை (இரண்டு முனையிலும் கிளிப் உள்ள தடி ஒயர்) எடுத்து ஒரு முனையை மைனஸிலும் இன்னொரு முனையை இன்ஜின் தூக்குகிற கொக்கியிலும் மாட்டினார். திருப்பினேன். மூன்று மாதமாகத் தள்ளித் தள்ளி ஓட்டிய வண்டி அரைச் சுற்றில் எடுத்தது.

கழற்றிய எர்த் ஒயர் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒயர் முனையில் போல்ட் மாட்டுகிற லக்கின் ஓரமாக பிளேடால் கறுப்பு உறையைக் கீறினார். உள்ளே செம்பு இல்லை. பச்சைப் பொடி கொட்டியது, நடுவில் ஏழெட்டு இழை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. காலையில் குளிர்ந்திருக்கும்போது அந்த ஏழெட்டு இழை சமாளித்திருக்கிறது, இன்ஜின் சூட்டில் முடியவில்லை. செல்ஃபைக் கழற்றி மாட்டும்போது ஒயரும் கொஞ்சம் அசைந்து உட்கார்ந்திருக்கும், அந்த மூன்று வார நிம்மதி அதனால்தான் என்பது என் கணிப்பு.

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் அடித்துப் பார்க்கச் சொல்வார்கள். நல்ல சோதனைதான், வெளிச்சம் செத்துப்போனால் பேட்டரி பலவீனம் அல்லது இன்ஜின் இறுகியிருக்கிறது. ஆனால் எங்கள் வண்டியில் வெளிச்சம் மங்கவே இல்லை, ஏனென்றால் பாடிக்குத் தனியாக ஓர் எர்த் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் ‘பேட்டரி நன்றாக இருக்கிறது, அப்படியானால் செல்ஃப்தான்’ என்று முடிவு கட்டினோம்.

நீங்களும் இதே வரிசையில் பாருங்கள். கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக், சாவி திருப்ப ஓர் ஆள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் ஏற்றிவிட்டு மற்றதைப் பேசலாம். புதுசு என்பதால் சார்ஜ் இருக்கும் என்று நம்பவேண்டாம். செல்ஃப் அடிக்கும்போது இரண்டு தூண்களுக்கு நடுவே 9.6-க்குக் கீழே இறங்கக்கூடாது. அடுத்து நான் மேலே சொன்ன எர்த் சோதனை. அதன்பின் பேட்டரி பிளஸ் தூணிலிருந்து செல்ஃபில் தடி ஒயர் சேரும் போல்ட் வரை: திருப்பும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த ஒயரோ டெர்மினலோதான். கடைசியாக சோலனாய்டில் உள்ள இரண்டு தடி போல்ட்டுகளுக்கு நடுவே. சும்மா இருக்கும்போது அங்கே 12 காட்டும், அது சரிதான். திருப்பி ‘டக்’ கேட்ட பிறகும் 12-லேயே நின்றால் உள்ளே செம்புக் காண்டாக்ட் எரிந்துவிட்டது. சோலனாய்டு மட்டும் மாற்றினால் போதும், மோட்டார் முழுசாக வேண்டாம்.

இவை எல்லாம் சரியாக இருந்து, மோட்டாருக்குப் பத்து வோல்ட்டுக்கு மேல் போய்ச் சேர்ந்தும் சுற்றவில்லை என்றால் உங்கள் மெக்கானிக் சொன்னது சரி, செல்ஃபைக் கழற்றலாம். அப்போதும் மாற்றத்தான் வேண்டும் என்றில்லை. சுற்றுகிற ஆர்மேச்சருக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் தேய்ந்திருக்கும், தண்டைத் தாங்கும் புஷ் போயிருக்கும், ஆர்மேச்சரை லேத்தில் லேசாகப் பிடிக்க வேண்டியிருக்கும். நல்ல கடையில் ஒரு நாளில் முடித்துத் தருவார்கள். சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் எடுக்கிறது என்றால் கார்பன்தான். ஆனால் அந்தத் தட்டுதலைப் பழக்கமாக்காதீர்கள், புது மாடல் செல்ஃப்களில் உள்ளே இருப்பது நிரந்தரக் காந்தம், விரிசல் விட்டுவிடும்.

ஸ்க்ரூடிரைவரை வைத்து சோலனாய்டைத் தொட்டு ஸ்டார்ட் செய்யும் வித்தையை யாராவது காட்டுவார்கள். வண்டி கியரில் இருந்தால் அது உங்கள் மேல் ஏறும், வேண்டாம். வேறு வண்டியின் பேட்டரியிலிருந்து ஜம்பர் போட்டு ஸ்டார்ட் செய்வதென்றால் லாரியிலிருந்து போடாதீர்கள், பெரும்பாலான லாரிகள் 24 வோல்ட். மைனஸ் கிளிப்பைக் கடைசியாக, பேட்டரியிலிருந்து தள்ளி இன்ஜின் இரும்பில் மாட்டுங்கள், சார்ஜ் ஆகிற பேட்டரியிலிருந்து வருகிற வாயு தீப்பொறிக்குப் பற்றிக்கொள்ளும். உங்கள் பேட்டரியில் சார்ஜ் இருந்தும் இப்படி மாட்டியதும்தான் எடுக்கிறது என்றால் அதுவே உங்கள் எர்த் பற்றிய தகவல்தான், கவனியுங்கள்.

இன்னொன்று, பத்து நொடிக்கு மேல் செல்ஃபைத் தொடர்ந்து அடிக்காதீர்கள். அந்த மோட்டார் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. 1912 கேடிலாக் காருக்கு எலக்ட்ரிக் செல்ஃபைச் செய்துகொடுத்த சார்லஸ் கெட்டரிங், அதற்கு முன் கடைகளின் கல்லாப்பெட்டி மெஷினுக்கு மோட்டார் செய்தவர். இரண்டும் ஒரே சூட்சுமம்: சின்ன மோட்டார், சில நொடிக்கு மட்டும் தாங்க முடியாத சுமை, உடனே ஓய்வு. இன்றைக்கும் அதே கதைதான். ஒரு தடவை அடித்தால் ஒரு நிமிடமாவது ஓய்வு விடுங்கள்.

நன்றாகச் சுற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை என்பது வேறு வியாதி, நீங்கள் கேட்காததால் சுருக்கமாக: ஃபில்டரில் தண்ணீர், லைனில் ஏர் பிடித்தது, ஹீட்டர் பிளக், அல்லது டீசல் பம்பின் கட்-ஆஃப் சோலனாய்டு. கடைசியாகச் சொன்னது உள்ள வண்டியில் பேட்டரி சுத்தமாகச் செத்துவிட்டால் தள்ளினாலும் எடுக்காது, டீசலைத் திறந்துவிடவே அதற்குக் கரண்ட் வேண்டும். அப்புறம் வெள்ளத்தில் நின்ற வண்டி ‘டக்’ என்றால் தள்ளவும் கூடாது, அடிக்கவும் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராட்தான் வளையும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின்போது தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னது இதனால்தான்.

எர்த் ஒயர் வாங்கும்போது பழையதைவிடத் தடிமனாக, லக்கை நன்றாக நசுக்கி ஈயம் பிடித்ததாகக் கேளுங்கள். பிளாக்கில் மாட்டுமிடத்தை உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும்வரை தேயுங்கள், இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். எங்களுக்கு ஒயரும் கூலியும் சேர்த்து ஐந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை. அது ஆகி நாலு வருடம். வண்டி ஒரே அடியில் எடுக்கிறது. அப்பா இன்னும் மேடு பார்த்துத்தான் நிறுத்துகிறார்.