மைலோவின் கால் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்கா,

மூன்று வருடமாக உங்கள் தளத்தைப் படித்து வருகிறேன். இது கதையைப் பற்றிய கடிதம் இல்லை, மன்னிக்கவும். எங்கள் வீட்டு நாய் மைலோவுக்கு நாலு வயது. ஐந்து வாரத்துக்கு முன்னால் பட்டர்வொர்த்தில் எங்கள் தாமான் (குடியிருப்பு) சாலையில் ஒரு மோட்டார் இடித்துவிட்டது. எலும்பு முறியவில்லை. ஆனால் இடது முன்னங்கால் தோளிலிருந்து துணி மாதிரி தொங்குகிறது. நரம்பு வேரோடு பிய்ந்துவிட்டது, இனி உணர்ச்சி திரும்பாது, தோளோடு எடுத்துவிடுவதுதான் நல்லது என்கிறார் மருத்துவர். 2,500 வெள்ளி ஆகுமாம். பணத்தைப் புரட்டிவிடலாம். வாயில்லா ஜீவனை நொண்டியாக்கிப் பாவம் தேடிக்கொள்ளாதே என்று அம்மா அழுகிறார். மாமா எலும்பு கட்டுகிறவரிடம் எண்ணெய் வாங்கி வந்து தேய்க்கிறார். நண்பன் ஊசி போட்டு உயிரை முடித்துவிடு என்கிறான். செயற்கைக் கால் பொருத்த முடியுமா என்றும் யோசிக்கிறேன். ஒரு வாரமாக அந்தப் பாதத்தை அவனே கடிக்க ஆரம்பித்திருக்கிறான், அதனால் துணி சுற்றிக் கட்டி வைத்திருக்கிறேன். அவனுக்குப் பேசத் தெரியாது. அவன் காலை எடுக்கச் சொல்ல நான் யார்? இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம் என்று தோன்றுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

முதலில் அந்தத் துணியை அவிழுங்கள். இதைப் படித்து முடித்த பிறகு இல்லை, இப்போதே. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரத் துணிக்குள் மூடிக் கிடக்கிற புண் என்ன ஆகும் என்று தெரியுமா? ஈ முட்டை வைத்தால் ஒரே நாளில் புழு வந்துவிடும். அவனுக்கு அங்கே உணர்ச்சி இல்லை, கத்தவும் மாட்டான், நீங்கள் நாற்றம் வந்த பிறகுதான் கண்டுபிடிப்பீர்கள். அவிழ்த்து, உப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு, கடிக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டுங்கள். வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கிற பனடாலையோ புரூஃபெனையோ உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு அது விஷமாகலாம்.

நண்பர் சொன்னதைப் பற்றி எனக்குப் பேச விருப்பமில்லை. நாலு வயது, நன்றாகச் சாப்பிடுகிற, உங்களைக் கண்டால் வாலாட்டுகிற நாய். மாமாவின் எண்ணெயும் வேண்டாம். தண்டுவடத்திலிருந்து வேரோடு பிய்ந்த நரம்பு எந்த எண்ணெய்க்கும் ஒட்டாது. செயற்கைக் கால் பொருத்த வேண்டுமானால் பிடித்துக்கொள்ள உயிருள்ள கால் கொஞ்சமாவது மிஞ்ச வேண்டும். மைலோவுக்கு மிஞ்சுவது செத்த கால். பாதியில் நறுக்கி மீதியை விட்டால் அது தரையில் இடித்து இடித்துப் புண்ணாகிக்கொண்டே இருக்கும். அதனால்தான் தோளெலும்போடு எடுக்கச் சொல்கிறார்கள்.

உங்கள் மருத்துவர் விரலை இடுக்கியால் அழுத்திப் பார்த்திருப்பார். அப்போது மைலோ திரும்பிப் பார்த்தானா, முனகினானா? அதுதான் முக்கியமான சோதனை. நரம்பு கன்றிப்போயிருந்தால் வாரங்கள் போகப்போக ஏதாவது ஓர் அசைவாவது தெரிய ஆரம்பிக்கும். ஐந்து வாரமாகியும் துணி மாதிரி தொங்குகிறது, இழுபட்டுப் பாதத்தின் மேல்தோல் உரிகிறது, இப்போது கடிக்கவும் தொடங்கிவிட்டான். உணர்ச்சி கெட்ட காலில் இனம்தெரியாத ஊறலும் குத்தலும் இருக்குமாம், அந்தத் தொல்லையில்தான் கடிக்கிறார்கள், எலும்பு தெரியும்வரை கடிக்கிற நாய்கள் உண்டு. அவனுக்குப் பேசத் தெரியாது என்கிறீர்கள். ஒரு வாரமாக வேறு என்ன செய்துகொண்டிருக்கிறான் தம்பி? சந்தேகம் இருந்தால் இன்னொரு மருத்துவரிடமும் காட்டுங்கள், தவறே இல்லை. ஆனால் இந்த வாரத்துக்குள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது 'பார்ப்போம்' என்ற சொல். கடிதம் வந்த அன்று என் அப்பாவின் திதி. இலை போட்டுப் படைத்துவிட்டு வந்து உட்கார்ந்து வாசித்தேன். வாசித்துவிட்டு வெகுநேரம் எழுந்திருக்க முடியவில்லை.

அப்பா நிபோங் திபால் பக்கம் தோட்டத்தில் இருந்தவர். பிறகு ஒரு தொழிற்சாலையில் ஜாகாவாக, அதாவது காவலாளியாக, போனார். இனிப்புநீர் (நீரிழிவு) இருபது வருடமாக இருந்தது. 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் என்று வந்தது, இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களான நாம்தான் முன்னால் நிற்கிறோம், நம் ஒவ்வொரு குடும்பத்திலும் இந்தக் கதை ஒன்று இருக்கும். 2011இல், தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, அப்பாவின் செருப்புக்குள் ஒரு சின்ன ஆணி கிடந்திருக்கிறது. அதன்மேல் ஒரு நாள் முழுக்க நடந்திருக்கிறார். இனிப்புநீரில் பாதத்து உணர்ச்சி மரத்துப்போயிருந்தது, தெரியவேயில்லை. மைலோவுக்கு அந்தப் பாதத்தில் எப்படித் தெரியவில்லையோ அதே மாதிரி. ராத்திரி அம்மா சிமெண்டுத் தரையில் ரத்தக்கறையைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுக்கவேண்டும் என்றார்கள். டாக்டர் அப்பாவிடம் பேசத்தான் வந்தார். நாங்கள்தான், நாலு பிள்ளைகளும் சேர்ந்து, அவரை வெளி வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போய், அப்பாவிடம் சொல்லவேண்டாம், பயந்துவிடுவார் என்று கெஞ்சினோம். அண்ணன் மருந்திலேயே ஆறிவிடும் என்றான். சுங்கை பட்டாணி அத்தை ஏதோ இலையை அரைத்து எடுத்துக்கொண்டு வந்தார். தம்பி பேசாமல் நின்றான். படித்தவள் நான், எல்லாரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். நான் சொன்னேன்: 'பார்ப்போம். தீபாவளி முடியட்டும்.' சொந்தப் பொறுப்பில் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அப்பாவிடம் சின்னப் புண்தான் என்று சொன்னோம். அவரும் நம்பினார், தீபாவளியன்று புதுக் கைலி கட்டிக்கொண்டு காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்தபடி பேரப்பிள்ளைகளுக்கு அங்பாவ் (பண உறை) கொடுத்தார். வீடு முழுக்க ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தோம், எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

மறு வாரம் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். மயக்கம் தெளிந்த இரண்டாம் நாள், நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். "ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. ரெண்டு விரலுதானே. எடுக்கச் சொல்லியிருப்பேனே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கஞ்சி ஆறிப்போகுது என்றார் அடுத்து.

தம்பி, பேசத் தெரியாதவனுக்காக நான் எப்படி முடிவெடுப்பது என்று நீங்கள் தவிக்கிறீர்கள். நாங்கள் பேசத் தெரிந்த மனிதரை வைத்துக்கொண்டு கேட்கவில்லை. பயந்தது அப்பா இல்லை, நாங்கள். அந்த வெட்டுப்பட்ட காலைப் பார்க்க எங்களுக்குத்தான் தைரியம் இல்லை, அதற்கு அப்பாவின் பெயரைப் போட்டுக்கொண்டோம். 'பார்ப்போம்' என்று சொன்ன அன்றைக்கே நான் ஒரு முடிவை எடுத்துவிட்டேன், இரண்டு விரலுக்குப் பதிலாக முழங்கால் என்ற முடிவை, எடுத்தது தெரியாமலே. நீங்களும் ஐந்து வாரமாக ஒரு முடிவை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். அதன் விலையை அவன் பாதம் கொடுக்கிறது. நான் யார் என்று கேட்காதீர்கள். சோறு வைக்கிறவர் நீங்கள், தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர் நீங்கள், வேறு யார் வந்து சொல்வார்கள்?

மூன்று காலோடு எப்படி வாழ்வான் என்றே எல்லாரும் கேட்கிறார்கள். இப்போது நாலு காலோடு எப்படி வாழ்கிறான் என்று ஒரு முழு நாள் கூடவே இருந்து பாருங்கள். அவன் ஐந்து வாரமாக மூன்று காலில்தான் நடக்கிறான். நாலாவதைச் சுமக்கிறான்.

என் வீட்டில் இருக்கிற பெண் நாய்க்கும் பின்னங்கால் ஒன்று இல்லை. செம்பனைக் காட்டில் பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணியில் மாட்டியவள். (2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கண்ணி வைப்பது குற்றம், இருந்தும் வைக்கிறார்கள், அதைத் தனியாக எழுதவேண்டும்.) அறுவை முடிந்து மூன்றாம் நாள் தானே வாசலுக்குப் போய் ஒன்றுக்கு இருந்துவிட்டு வந்தாள். முன்னங்கால் போவது அதைவிடக் கொஞ்சம் கடினம்தான், மறைக்கமாட்டேன், நாயின் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காட்டை முன்கால்கள்தான் தாங்குகின்றன. அதனால் மைலோ கொழுக்கக்கூடாது. பாசத்தில் ரொட்டிச்சானாய் பிய்த்துப் போடுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். மற்ற மூன்று காலும் இடுப்பும் நன்றாக இருக்கிறதா என்று அறுவைக்கு முன்பே மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் வழவழப்பான டைல் என்றால் பாய் விரியுங்கள், வழுக்கி விழுந்தால்தான் அவனுக்குப் பயம் பிடிக்கும். பெரும்பாலான நாய்கள் ஒன்றிரண்டு நாளில் எழுந்து நடந்துவிடும். முதல் சில இரவுகள் முனகுவான். பக்கவாட்டில் முடி மழித்து நீளமாகத் தையல் போட்டிருப்பதைப் பார்த்தால் உங்களுக்கு வயிறு கலங்கும். தையல் பிரிக்கப் பத்துப் பதினாலு நாள் ஆகும்.

அம்மாவைத் திட்டாதீர்கள். மருத்துவரிடம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், பாதத்தைத் துணியில்லாமல் அவர் கண்ணால் பார்க்கட்டும்.

நாளைக் காலை கிளினிக் திறந்ததும் கூப்பிட்டுத் தேதி கேளுங்கள். முதல் நாள் இரவு சாப்பாட்டை நிறுத்தச் சொல்வார்கள், மயக்கத்தில் வாந்தி எடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும். தட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு உங்களையே பார்ப்பான். ஒரு பிஸ்கட்கூடக் கொடுத்துவிடாதீர்கள். அம்மாவிடமும் சொல்லி வையுங்கள்.

அன்புடன்,
அக்கா