உங்க காசு ஏற்கனவே அங்கதான் இருக்கு: வாசகர் கேள்வி பதில்

ரிட்டையர்டு டீச்சர் நான். ஒரே பேங்க்ல எஃப்டியா 8 லட்சம் கிடக்கு. 5 லட்சத்துக்குத்தான் இன்சூரன்ஸ்னு இப்பத்தான் தெரிஞ்சுது. மகன் "கவர்மென்ட் பாண்டு வாங்கும்மா, போன்லயே வாங்கலாம்"னு நச்சரிக்கிறான். நம்பலாமா? (வாசகி, திருமங்கலம்)

நம்பலாம் டீச்சர், ஆனா உங்க பையன் பாதிதான் சொல்லியிருக்காப்ல. 5 லட்சம்ங்கிறது ஒரு பேங்க்ல ஒரு ஆளுக்கு அசலும் வட்டியும் சேர்த்து. மத்திய அரசு பாண்டுங்கிறது நாம அரசாங்கத்துக்குக் குடுக்குற கடனுக்கான பத்திரம், அதுல அந்த மாதிரி லிமிட்டே கிடையாது, கடன் வாங்குனதே அரசாங்கம்தான்.

நம்மள மாதிரி ஆளுங்க நேரா அரசு பாண்டு வாங்க 2021 நவம்பர்ல ரிசர்வ் பேங்க் ரீட்டெய்ல் டைரக்ட்னு ஒரு ஆன்லைன் வசதி ஆரம்பிச்சாங்க. பான், ஆதார், சேவிங்ஸ் அக்கவுன்ட், மொபைல் நம்பர், இமெயில் இருந்தா போதும், அக்கவுன்ட் ஓபன் பண்ண பைசா செலவில்ல, 10,000 ரூபா இருந்தா வாங்கலாம். புது பாண்ட ஏலத்துலதான் விப்பாங்க, அதுல என்ன விலை கேக்கணும்னு நீங்க மண்டைய ஒடச்சுக்க வேணாம், பெரிய பேங்க்காரங்க போட்டி போட்டு வாங்குன சராசரி விலையிலயே உங்களுக்கும் குடுத்துருவாங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ வட்டி நேரா உங்க பேங்க் அக்கவுன்ட்டுக்கு வந்துரும், அதுக்கு வருமான வரி உண்டு, அதையும் கணக்குல வச்சுக்கங்க.

பையன் சொல்லாத மீதி என்னன்னா, பணம் திரும்பி வர்றது உறுதி, நடுவுல வித்தா என்ன விலை கிடைக்கும்ங்கிறது உறுதி இல்ல. 7% வட்டியில பத்து வருச பாண்டு ஒண்ணு 10,000 ரூபாய்க்கு வாங்குறீங்கன்னு வைங்க. மறுநாளே மார்க்கெட்ல வட்டி 8% ஆயிருச்சுன்னா உங்க பழைய பாண்ட யாரு 10,000 குடுத்து வாங்குவா? ஏறக்குறைய 9,320 தான் கிடைக்கும். இதே 40 வருச பாண்டா இருந்தா 8,800 பக்கம் போயிரும். கடைசி வரைக்கும் வச்சிருந்தா இந்தக் கவலையே இல்ல, ஆனா நமக்கு ஆஸ்பத்திரி செலவு தேதி பாத்தா வருது? போதாததுக்கு 10,000, 20,000னு சில்லறையா விக்கப் போனா அன்னைக்கு வாங்க ஆளே இல்லாமயும் போகும். 2023 மார்ச்ல அமெரிக்காவுல சிலிக்கான் வேலி பேங்க் கவுந்ததே இந்த மாதிரிதான், கையில இருந்த பாண்டு பெரும்பாலும் அரசாங்க கேரன்டி உள்ளதுதான், வட்டி ஏறி விலை எறங்குன நேரம் பாத்து டெபாசிட்காரங்க பணத்த எடுத்துக்கிட்டே இருந்தாங்க, பேங்க் பாண்ட நஷ்டத்துக்கு வித்துச்சு, அது தெரிஞ்சதும் ஆளாளுக்குப் பணத்தக் கேட்டு ஓடி வந்தாங்க, முடிஞ்சுது.

அதனால என் யோசனை, 8 லட்சத்துல பாதிய வேற பேங்க்ல பிரிச்சுப் போடுங்க. பாண்டு ஆசைக்கு மொதல்ல 91 நாள் ட்ரெஷரி பில் (அரசாங்கம் கொஞ்ச நாளைக்கு மட்டும் வாங்குற கடனுக்கான பத்திரம்) ஒண்ணு வாங்கிப் பாருங்க. புதன்கிழமை ஏலம். அதுல வட்டின்னு தனியா வராது, 100 ரூபா பில்ல 98 ரூபா சொச்சத்துக்கு வாங்குறோம், முடியுறப்ப 100 வரும். அப்புறம் ஒண்ணு, ரிசர்வ் பேங்க்லருந்து பேசுறோம்னு வாட்ஸ்அப்ல லிங்க் அனுப்புறவன் எவனா இருந்தாலும் பிளாக் பண்ணிருங்க.

கவர்மென்ட் கடன் வாங்குறதுக்கும் என் கடை லோன் வட்டிக்கும் என்ன சம்பந்தம்? பேங்க்ல கேட்டா "மார்க்கெட் ரேட் சார்"ங்கிறாங்க. (வாசகர், மேலூர்)

நெறைய சம்பந்தம் இருக்கு அண்ணாச்சி. 2025-26 பட்ஜெட்ல மத்திய அரசு மார்க்கெட்ல வாங்கப்போறதா போட்ட மொத்தக் கடன் 14.82 லட்சம் கோடி. இத யாரு குடுக்குறா? நீங்கதான். நீங்க பேங்க்ல போடுற டெபாசிட்ல 100க்கு 18 ரூபா பெரும்பாலும் அரசு பாண்டுலதான் இருக்கணும்னு ரூல், எல்ஐசி பிரீமியம் அங்க போகுது, உங்க கடைப் பையனுக்குப் பிஎஃப் பிடிச்சா அதுலயும் பெரும்பங்கு அங்கதான் போகுது. பாண்டே வாங்காத ஆளும் அரசாங்கத்துக்குக் கடன் குடுத்தவருதான்.

ரிஸ்க்கே இல்லாத அரசாங்கம் 7% தருதுன்னா, உங்கள நம்பி பேங்க்காரன் அதுக்கு மேல ரெண்டு மூணு பர்சென்ட் வைக்காம குடுப்பானா? வீட்டு லோன், கம்பெனி கடன் எல்லாத்துக்கும் அடிமட்டம் அந்த ரேட்டுதான். சாங்க்ஷன் லெட்டர எடுத்து ஒரு தடவ படிச்சுப் பாருங்க, 2019 அக்டோபருக்கு அப்புறம் சிறு தொழிலுக்கு வாங்குன மாறும் வட்டி லோன்னா ரெப்போ ரேட்டோட (ரிசர்வ் பேங்க் மத்த பேங்க்குகளுக்குக் கடன் குடுக்குற வட்டி), இல்லன்னா ட்ரெஷரி பில் ரேட்டு மாதிரி ஒண்ணோட கோத்துருப்பாங்க.

கடன் வாங்குறதே தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், நாலு வழிச்சாலையும் ரயில் பாதையும் அந்தக் காசுலதான் வருது. ஆனா அதே பட்ஜெட்ல 50.65 லட்சம் கோடி செலவுல 12.76 லட்சம் கோடி பழைய கடனுக்கு வட்டி மட்டும், கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு. எனக்கு இதுதான் உறுத்துது.

ரிசர்வ் பேங்க்தான் நோட்டு அடிக்குதே, அதையே அரசாங்கம் வாங்கிக்கலாமே? (கல்லூரி மாணவர், உசிலம்பட்டி)

ஒரு காலத்துல கிட்டத்தட்ட அப்படித்தான் தம்பி நடந்துச்சு, கஜானா காலியானா அட்-ஹாக் ட்ரெஷரி பில்ல எழுதி நீட்டுனா ரிசர்வ் பேங்க் பணத்தக் குடுத்துரும். விலைவாசி ஏறுதுன்னு 1997ல அத நிறுத்துனாங்க, 2006 ஏப்ரல்லருந்து அரசு பாண்ட ரிசர்வ் பேங்க் ஏலத்துல நேரா வாங்கவும் தடை. ஆனா மத்தவங்க வாங்குனத அப்புறமா மார்க்கெட்ல ரிசர்வ் பேங்க் வாங்கலாம், கொரோனா நேரத்துல 2021 ஏப்ரல்-ஜூன்ல மட்டும் 1 லட்சம் கோடிக்கு வாங்குறோம்னு முன்கூட்டியே சொல்லிட்டு வாங்குனாங்க. பின்வாசல்தானேன்னு நீங்க கேட்டா நான் மறுக்க மாட்டேன், ஒரே வித்தியாசம், எப்ப எவ்வளவுன்னு முடிவு பண்றது அரசாங்கம் இல்ல, ரிசர்வ் பேங்க்.

தமிழ்நாடு அரசும் பாண்டு விடுதாமே? (வாசகர், விளாங்குடி)

ஆமா, மாநில அரசுக பாண்டு ஏலம் வழக்கமா செவ்வாய்க்கிழமை. மத்திய அரசு பாண்ட விட வட்டி கொஞ்சம் கூடவே கிடைக்கும், ஏன்னா மத்திய அரசு அதுக்கு நேரடி கேரன்டி குடுக்கல. இதுவும் ரீட்டெய்ல் டைரக்ட்லயே வாங்கலாம்.