பைட்டர் மீனோடு கப்பி வளர்க்கலாமா?

ஒரே தொட்டியில் பைட்டரையும் கப்பி மீனையும் விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆண் பைட்டர் என்றால் வேண்டாம். கப்பியின் அகலமான வண்ண வாலைப் பார்த்தால், போட்டிக்கு இன்னொரு ஆண் வந்துவிட்டதென்று பாய்ந்துவிடும். காலையில் பார்த்தால் வால் கிழிந்து கிடக்கும். நானும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

பைட்டர், தாய்லாந்துப் பக்கத்து வயல்களிலும் சதுப்புகளிலும் வாழும் மீன். தலையிலுள்ள லேபிரிந்த் உறுப்பால் மேலே வந்து காற்றையே சுவாசிக்கும். அந்தத் தைரியத்தில்தான் கடைக்காரர்கள் அதை டம்ளரில் அடைத்து விற்கிறார்கள். உயிரோடு இருக்கும், அவ்வளவுதான். 20 லிட்டர் தண்ணீராவது கொடுங்கள்; 24 முதல் 28 டிகிரி போதும். மூடி கட்டாயம், துள்ளி வெளியே விழுந்துவிடும்.

தனியாக இருக்கிறதே என்று பாவப்படாதீர்கள். சில நாளில் உங்கள் விரலைக் கண்டாலே கண்ணாடியருகே வந்து நிற்கும். ஆண் மீன் நீர்ப்பரப்பில் குமிழிக்கூடு கட்டும். ஜோடி சேர்த்தால், கீழே விழும் முட்டைகளை வாயில் கவ்விக்கொண்டுபோய்க் கூட்டில் வைக்கும் அழகை எத்தனை முறை பார்த்தாலும் சலிக்காது.

கப்பி சாது. ஆனால் தலைவலி வேறு மாதிரி: மாதம் ஒருமுறை குட்டி போடும். ஆணைப் பிரித்துவிட்டாலும் பெண் சில மாதம் குட்டி போட்டுக்கொண்டேதான் இருக்கும். வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறதா, முதலில் பாருங்கள்.