கசடு பிழிந்த தண்ணீரில் அம்மோனியா: கேள்வி பதில்

லாஸ்பேட்டை மாணவி: சைடு ஸ்ட்ரீம் என்றால் என்ன சார்?

கழிவுநீர் பிளான்ட்டில், காற்றில்லாத தொட்டியான டைஜஸ்டரில் செரித்த கசடை, சுழற்றிப் பிழியும் செண்ட்ரிஃபியூஜில் போட்டால் வரும் தண்ணீர். பிளான்ட்டுக்கு வருகிற மொத்தத் தண்ணீரில் இது 1 சதவீதம் இருந்தாலே அதிகம். ஆனால் நைட்ரஜன் சுமையில் 15 முதல் 20 சதவீதம் இதில்தான். லிட்டருக்கு 500 முதல் 1,500 மி.கி. அம்மோனியா. அப்படியே முதல் தொட்டிக்குத் திருப்பிவிட்டால் தொட்டிக்குக் காற்று ஊதும் மெயின் ப்ளோயர் மூச்சு வாங்கும்.

கடலூர் ஆபரேட்டர்: தனித் தொட்டி வைத்து காற்று விடுகிறோம். பாதி அம்மோனியா போகுது, பிறகு நின்னுடுது. இன்னொரு ப்ளோயர் போடவா?

வேண்டாம். அல்கலினிட்டி, அதாவது அமிலத்தைத் தாங்கும் காரச் சத்து, அளந்தீங்களா?

1 கிலோ அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட் ஆக 7.1 கிலோ அல்கலினிட்டி தின்னும். உங்கள் தண்ணீரில் லிட்டருக்கு 800 மி.கி. அம்மோனியா நைட்ரஜன் இருந்தால் சுமார் 5,700 மி.கி. அல்கலினிட்டி வேண்டும். இந்தத் தண்ணீரில் அம்மோனியாவுக்கு ஜோடியாக பைகார்பனேட் மட்டும்தான் வரும், அது தேவையில் பாதி. பாதி முடிந்ததும் பி.ஹெச். 6.5க்குக் கீழே சரியும், அம்மோனியாவைத் தின்னும் பூச்சிகள் (பாக்டீரியாதான்) சுருண்டுவிடும். காற்று எவ்வளவு விட்டாலும் நடக்காது. சோடா, சுண்ணாம்பு வாங்கணும், இல்லையென்றால் பாதியோடு நிற்பதையே உபயோகப்படுத்திக்கணும்.

கடலூர் முதுநகர்: எங்களுக்கும் பாதியில் நிற்குது. பாக்டீரியா பவுடர் போடலாமா?

மேலே படிங்க. பவுடருக்குக் காசு அழாதீங்க.

புதுச்சேரி இன்ஜினியர்: பாதியில் நிற்பதை உபயோகப்படுத்தலாம் என்றீர்களே, எப்படி?

இதைத்தான் எதிர்பார்த்தேன். பாதி அம்மோனியாவை, நைட்ரேட்டுக்கு முந்தின படியான நைட்ரைட்டோடு நிறுத்தினால், அனமாக்ஸ் என்ற பாக்டீரியா மீதி அம்மோனியாவையும் அந்த நைட்ரைட்டையும் சேர்த்து நைட்ரஜன் வாயுவாக்கிவிடும். கார்பன் தீனியாக வெல்லப்பாகு, மெத்தனால் எதுவும் வேண்டாம். காற்று ஊதும் செலவில் ஏறக்குறைய 60 சதவீதம் மிச்சம். சுமார் 11 சதவீதம் நைட்ரேட்டாகத் தங்கும், அவ்வளவுதான்.

நெதர்லாந்தின் டெல்ஃப்டில் ஒரு ஈஸ்ட் ஆலைக் கழிவுநீரில் கண்டுபிடித்த பூச்சி இது. முதல் முழு அளவு பிளான்ட் 2002, ராட்டர்டாம். நண்பர் ஒருவர் பாட்டிலில் எடுத்துவந்து காட்டினார்: செங்கல் நிறத்தில், கசகசாவைக் குங்குமத்தில் புரட்டின மாதிரி உருண்டை. ஒரு பூச்சி இரண்டாகப் பெருக ஒன்றரை, இரண்டு வாரம் எடுக்கும். ராட்டர்டாமிலேயே நிலைக்க மூன்றரை வருஷம். விதைக் கசடு இல்லாமல் ஆரம்பித்து ஆறே மாசத்தில் ஓட்டித்தருவேன் என்பவரை நம்பாதீங்க. 30, 35 டிகிரி வேண்டும் என்ற கவலை மட்டும் நம்ம ஊரில் இல்லை.

புதுச்சேரி அபார்ட்மென்ட் செயலாளர்: எங்க எஸ்.டி.பி.க்கு (குடியிருப்புக் கழிவுநீர் சுத்திகரிப்பு பிளான்ட்) இது?

டைஜஸ்டர் இல்லை, இந்தத் தண்ணீரும் இல்லை. விடுங்க.

பரங்கிப்பேட்டை: இறால் குட்டையில் அம்மோனியா.

அது மீன்வளத் துறைக்காரர்களிடம் கேட்கணும்.

சிப்காட் பக்கம் ஒருவர்: இவ்வளவு தொல்லை எதுக்கு? சுண்ணாம்பு போட்டு டவரில் காற்று ஊதினா அம்மோனியா போயிடும்.

எங்கே போகும்? பக்கத்துத் தெருவுக்கு.

அவரே: அந்தக் காற்றிலிருக்கிற அம்மோனியாவை ஆசிடில் பிடிக்கும் ஸ்க்ரப்பர் வைப்போம். அம்மோனியம் சல்பேட் கிடைக்கும், உரம்.

வைத்தால் சரி. 2,000 மி.கி.க்கு மேல் உள்ள ஆலைக் கழிவுக்கு அது நியாயமான வழிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் டவரில் சுண்ணாம்பு பொருக்குக் கட்டும். மாசம் ஒருமுறை சுரண்டுகிற ஆளிடம் பேசிவிட்டு வாங்க.

அவரே: உங்க பூச்சியும் கரண்ட் போனா செத்துடும். தானே புயல் ஞாபகம் இருக்கா?

2011 டிசம்பர் 30, மறக்குமா? அனமாக்ஸுக்குக் காற்றே வேண்டாம் ஐயா, சில நாள் தாங்கும். கரண்ட் திரும்பி வரும்போதுதான் ஆபத்து: யாராவது அக்கறையாக ப்ளோயரை மேனுவலில் முழு வேகத்தில் விட்டுவிடுவார்கள், காற்று மிஞ்சினால் இந்தப் பூச்சி முடங்கிவிடும்.

விழுப்புரம்: சார், பாதியில் நிற்குது, ப்ளோயர்…

அல்கலினிட்டி.